நடிகருக்கும் நமக்கும் ஒரே வெளிச்சம்

லண்டனில் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடம் 111 மீட்டர் உயரம். அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, மில்லேனியம் பாலத்தின் மேல் நடந்து தேம்ஸின் தென்கரைக்கு வந்தால் கண்ணாடிக் கட்டடங்களுக்கிடையே ஒரு வெள்ளைச் சுவர், அதன் மேல் நாணல் வேய்ந்த கூரை. அதுதான் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கம். அந்த மாநகரில் என் மனம் ஒட்டிக்கொண்ட இடம் இதுதான்.

ஷேக்ஸ்பியரின் குழுவினர் 1599-இல் எழுப்பிய மூல அரங்கம் இங்கிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. 1613-இல் 'எட்டாம் ஹென்றி' நாடகத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் விழ, கட்டடமே எரிந்துபோனது. ஒருவருடைய காற்சட்டையில் பற்றிய தீயை பீர் ஊற்றி அணைத்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. அடுத்து எழுந்த அரங்கமும் 1642-இன் நாடகத் தடையில் மூடப்பட்டது. இன்றுள்ளது அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கரின் நெடுநாள் உழைப்பு. 1997-இல் இது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

தச்சு வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓக் மரச் சட்டங்களை மர முளைகளால் பிணைத்திருக்கிறார்கள். சுவரின் சுண்ணாம்புச் சாந்தில் ஆட்டு ரோமம் கலந்திருக்கிறது. 1666-இன் பெருந்தீக்குப் பிறகு நகருக்குள் நாணல் கூரைக்கு அனுமதி பெற்ற முதல் கட்டடம் இது. அதற்கு ஈடாகக் கூரை முகட்டிலேயே நீர் தெளிக்கும் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள்.

மேடையின் இரு தூண்களும் மரம்தான், ஆனால் தீட்டிய வண்ணத்தில் சலவைக்கல்லாகவே தெரிகின்றன. மேல் விதானத்தில் சூரியன், சந்திரன், ராசிகள், பொன் விண்மீன்கள். அதன் பெயரே 'சொர்க்கம்'. மேடைக்கு அடியில் உள்ள இருட்டறை 'நரகம்'. ஹாம்லெட்டைப் புத்தகத்தில் படித்தவர்கள் இங்கே வந்து நின்றால் சில வரிகள் புதிதாகத் திறக்கும். பொன்னொளி பதித்த வான்கூரையை அவன் பேசும்போது கற்பனைக்கு வேலையில்லை, அது அவன் தலைக்கு மேலேயே இருக்கிறது. தந்தையின் ஆவி சத்தியம் செய்யச் சொல்லித் தரைக்கு அடியிலிருந்து குரல் கொடுக்கும்போது, மேடைப் பலகையே பேசுவதுபோல் உடல் சிலிர்க்கிறது. கட்டடத்தை மனத்தில் வைத்துத்தான் ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது வெளிச்சம். மேடைக்கு முன்னால் பார்வையாளர்கள் நிற்கும் முற்றத்தின் மேல் கூரை கிடையாது. பகல் ஆட்டத்தில் நடிகர் மீதும் நம் மீதும் விழுவது ஒரே வெயில். இரவு ஆட்டத்திலும் வழக்கமாக விளக்குகள் அரங்கம் முழுவதற்கும் ஒன்றுபோல் எரிகின்றன. அதனால் நடிகர் நம் முகத்தைப் பார்க்கிறார். தனிமொழி என்று பாடநூல்கள் சொல்வது இங்கே தனிமொழியாக இல்லை. முன்னால் நிற்பவரின் கண்ணைப் பார்த்தே கேள்வி கேட்கிறார், பதில் வராதா என்று ஒரு கணம் காத்தும் நிற்கிறார். மேலே விமானம் இரைந்தால் அது அடங்கும் வரை சொல்லை நிறுத்தி வைத்து, அந்த இடைவெளியையும் நடிப்பாக்கிவிடுகிறார். மழை பெய்தாலும் ஆட்டம் நிற்பதில்லை.

2016-இல் கலை இயக்குநராக வந்த எம்மா ரைஸ் நவீன ஒளியையும் ஒலியையும் கொண்டுவந்தார். அதே ஆண்டிலேயே பொது வெளிச்சத்துக்குத் திரும்ப நிர்வாகம் முடிவெடுத்தது. அவருடைய திறமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த முடிவு சரி என்பதே என் கட்சி. ஒளி ஜாலம் காட்ட லண்டனில் வேறு அரங்கங்கள் எத்தனையோ உண்டு.

கோடையில் லண்டன் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடத்து இருக்கைகளை விட்டுவிட்டு, முற்றத்தில் நின்று பார்க்கும் சீட்டை வாங்குங்கள். இருப்பதிலேயே மலிவானது அதுதான். சற்று முன்பே போனால் மேடை விளிம்பில் கையூன்றி நிற்க இடம் கிடைக்கும். குடைக்கு அனுமதியில்லை, மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.