சித்ராங்கி மட்டுமா குற்றவாளி?

புறா பறக்கிறது. அதனைத் தேடிச் சென்ற இளவரசன், மாற்றாந்தாயின் மாளிகையில் நுழைகிறான். அவள் ஆசைமொழி பேசுகிறாள், அவன் மறுக்கிறான், அவள் பழி சுமத்துகிறாள். மன்னன் ஆணையிடுகிறான், மகனின் கையும் காலும் துண்டிக்கப்படுகின்றன. கொட்டகையில் அமர்ந்திருப்போர் பதைக்கின்றனர். "அடி பாவி!" என்று சித்ராங்கியைச் சபிக்கின்றனர்.

இதுதான் சாரங்கதாரன் கதை. இராசமகேந்திரபுரத்து இராசராச நரேந்திரன் பெயரால் வழங்குவது. பம்மல் சம்பந்தனார் இதனை நாடகமாக்கினார். 1958ஆம் ஆண்டில் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்த திரைப்படமாகவும் வந்தது.

நாம் கேட்கிறோம்: சாபம் முழுவதும் சித்ராங்கிக்குத்தானா? மன்னவனுக்கு அதில் பங்கே இல்லையா?

மகனுக்கென்று பேசிய பெண்ணைத் தந்தையே மணந்துகொண்டான் என்றே இக்கதையின் பல வடிவங்கள் கூறுகின்றன. மகன் வயதுடைய மங்கையை அந்தப்புரத்தில் அடைத்தவன் யார்? விசாரணையின்றி வெட்டச் சொன்னவன் யார்? அவனோ, இறுதியில் "ஏமாந்த தந்தை"! அவளோ, என்றென்றும் பேய்! பொய்ப்பழி கொடுமையே, அதற்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால், நஞ்சை விதைத்தவனை விட்டுவிட்டு, நஞ்சு விளைந்த நிலத்தை மட்டும் தூற்றுவது நீதியாகுமா?

புராணங்களைப் புரட்டினாலும் இதே கதைதான். தந்தையின் மடியில் ஏறவந்த துருவனைச் சுருசி விரட்டினாள் என்பர். மடி யாருடையது? மன்னன் உத்தானபாதனுடையது! அவன் ஏன் வாய் திறக்கவில்லை? கைகேயியைக் கொடியவள் என்பர். அவளை மணந்தபோதே, நாட்டை அவள் வழிக்குத் தருவதாகத் தயரதன் வாக்களித்திருந்தான் என்பதை, வால்மீகி இராமன் வாயாலேயே சொல்லவைக்கிறாரே! வாக்கை மறைத்தவன் சத்தியசந்தன், கேட்டவள் சண்டாளி!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இக்கதைகளில் மாற்றாந்தாய் மலிந்து கிடக்கிறாள், மாற்றாந்தந்தை எங்கே? ஆண் பல மணம் புரியலாம். விதவை மூலையில் முடங்கவேண்டும் என்ற சமுதாயம் எழுதிய கதைகளல்லவா இவை! அறுத்துக் கட்டும் வழக்கமுடைய உழைக்கும் மக்களை, அதனாலேயே தாழ்ந்தோர் என்று இகழ்ந்த சமுதாயமல்லவா அது!

1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் விதவை மணத்தை ஆதரித்துத் தீர்மானம் செய்தது நம் இயக்கம். விதவை மறுமணம் புரிந்தால், அவள் குழந்தைக்குப் புதிய தந்தை வருகிறான். மனைவியை இழந்தவனை அவள் மணந்தால், அவன் குழந்தைக்கு அவள் புதிய தாய். மணமேடையில் மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளே அவளை "மாற்றாந்தாய்தானே!" என்று ஊர் ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதா சீர்திருத்தம்?

நம் மேடைகளையும் நாமே நோக்குவோம். டில்லி வஞ்சித்தால், "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று முழங்குகிறோம். ஆதிக்கத்தைச் சாட, அபலையின் பெயரா கிடைத்தது? "ஓரவஞ்சனை" என்ற நல்ல சொல் இருக்கிறதே!

சட்டம் நம்மை முந்திவிட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், பிள்ளையற்ற மாற்றாந்தாயையும் பராமரிப்புப் பெறும் பெற்றோருள் சேர்த்தது. 2007இல் வந்த மூத்தோர் பராமரிப்புச் சட்டமோ, மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை இருவரையுமே பெற்றோர் என்றது. சட்டம் அவளைக் கூடத்தில் அமர்த்திவிட்டது; கதை இன்னும் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

பிள்ளையைப் பட்டினி போடும் மாற்றாந்தாய் உண்டு, மறுக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுவோரும் உண்டு. கொடுமையைக் கண்டிப்போம்; உறவைக் கண்டிக்கவேண்டாம். பிறர் பெற்ற குழந்தைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நாடகத்தில்தான் அவர்கள் இல்லை. எழுதுகோல் ஏந்திய இளைஞர்களே, அந்த நாடகத்தை நீங்கள் எழுதுங்கள்!