ஒரு துணி, நாற்பது பயன்: அரபுத் தலைத்துணியை நாம் எப்படிப் பார்க்கிறோம்

முகாம், மலையேற்றச் சாமான்கள் விற்கும் இணையக் கடைகளில் ‘ஷமாக்’ என்று தேடிப் பாருங்கள். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே விளம்பரம்தான் வரும். காக்கி, கரும்பச்சை, கறுப்பு என்று நிறங்கள். முகத்தை மூடிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் ஓர் ஆள். கீழே ஒரு பட்டியல்: வெயிலுக்கு மறைப்பு, மணலுக்குத் தடுப்பு, குளிருக்கு மஃப்ளர், உடைந்த கைக்குத் தூளி, தண்ணீர் வடிகட்டி, தலையணை, பை, அவசரத்துக்குக் கயிறு.

இதில் பெரும்பாலானது பொய் இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீள அகலம் உள்ள எந்தப் பருத்தித் துணியும் இந்த வேலைகளைச் செய்யும். நம்ம ஊர் ஈரிழைத் துண்டே பாதிக்கு மேல் செய்துவிடும். தண்ணீர் வடிகட்டிதான் கொஞ்சம் ஆபத்தான வாக்குறுதி: துணி மண்ணையும் தூசியையும் நிறுத்தும், கிருமியை நிறுத்தாது. வடிகட்டிய பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தப் பட்டியல் தலைத்துணியை ஒரு கருவியாக, பையில் போட்டு எடுத்துப்போகும் ஒரு தனிச் சாமானாக மாற்றிவிடுகிறது. அரபு நாடுகளில் அது அப்படித் தனியாக இருந்ததே இல்லை. அது ஓர் ஏற்பாட்டின் ஒரு பகுதி. தொப்பி, கயிறு, தொளதொள அங்கி, நடக்கும் நேரம், ஒதுங்கும் நேரம், கூட இருக்கும் மனிதர்கள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஏற்பாடு. துணியை மட்டும் உருவி எடுத்தால் கிடைப்பது ஒன்று வேஷம், இல்லையென்றால் பொய்யான தைரியம். இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

முதலில் துணி

பொதுவாக அரபுத் தலைத்துணி என்று சொன்னாலும் அது ஒன்றல்ல. வளைகுடாவில் மெல்லிய வெள்ளைத் துணி கட்ரா. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு, சற்றுக் கனமாக இருப்பது ஷமாக். பாலஸ்தீனத்தோடு சேர்த்து நாம் அறிவது கறுப்பு வெள்ளைக் கூஃபியா. ஓமானில் மஸர் என்று பெயர். பூவேலை செய்த நல்ல கம்பளித் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றுவார்கள். அங்கே தினசரிக்கு கும்மா என்ற தையல்வேலைத் தொப்பி மட்டுமே கூடப் போதும்.

கட்டும் முறை எளிது. சதுரத் துணியைக் குறுக்காக மடித்து முக்கோணமாக்கி, மடிப்பு நெற்றிப் பக்கம் வரும்படி போடுவார்கள். அடியில் ஒரு சின்னத் தொப்பி, துணி வழுக்காமல் இருக்க. மேலே இகால் என்ற கறுப்பு வளையம். ஒட்டகம் ஓடிவிடாமல் காலைக் கட்டும் கயிற்றுக்கும் அரபியில் இதே பெயர்தான். காற்று அடித்தால் வளையத்தைக் கழற்றிவிட்டு, துணியின் ஒரு முனையை மூக்குக்குக் கீழே கொண்டுவந்து எதிர்ப்பக்கம் செருகிக்கொள்வார்கள், அல்லது முழுசாகத் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. குறுக்கே மடிப்பதால் உச்சந்தலையில் துணி இரட்டையாகிறது. மெல்லிய வெள்ளைப் பருத்தி தனி அடுக்காகப் புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை, நனைந்தால் இன்னும் மோசம். அதனால் அந்த இரண்டாவது அடுக்கு அலங்காரம் இல்லை. இரண்டு பக்கமும் தொங்கும் துணி காதையும் பிடரியையும் மறைக்கிறது, ஆனா ஒட்டுவதில்லை. நடுவே காற்று போய்வர இடம் இருக்கிறது. குல்லாயைப் போல இறுக்கிப் போட்டால் இந்தப் பலன் போய்விடும். அதாவது, அதைப் போர்வை என்பதைவிடக் கூரை என்று நினைத்துக்கொள்வது சரி.

இந்தக் காற்றிடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1980இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பதூயின்கள் ஏன் வெயிலில் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நெகெவ் பாலைவனத்தில், 35 முதல் 46 டிகிரி வெயிலில், ஒருவரை நடுப்பகலில் நிற்கவைத்து அளந்தார்கள்: கறுப்பு அங்கியோடு, வெள்ளை அங்கியோடு, ராணுவச் சீருடையோடு, அரைக்கால் சட்டையோடு. கறுப்புத் துணி அதிக வெப்பத்தை வாங்கியது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலுக்குப் போய்ச் சேரும் முன்பே, தொளதொள அங்கிக்குள் ஓடும் காற்றோடு வெளியேறிவிட்டது. தோல் வாங்கிய வெப்பத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. அங்கியை வைத்துச் செய்த ஆய்வு இது, தலைத்துணிக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் நிறத்தைவிடத் தளர்வு பெரிது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

பிறகு வேஷம்

முதல் உலகப் போரில் டி. ஈ. லாரன்ஸ் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்காக 1917இல் 27 குறிப்புகள் எழுதினார். அரபுகளோடு எப்படிப் பழகுவது என்பதுதான் விஷயம். பழங்குடியினரோடு இருக்கும்போது அரபுத் தலைத்துணி கட்டுங்கள், அவர்களுக்கு நம் தொப்பியைப் பிடிக்காது என்கிறார் அதில். முழு அரபு உடைக்கே போவதென்றால் அரைகுறையாகப் போகாதீர்கள், உயர்ந்ததாகப் போடுங்கள் என்றும் சொல்கிறார். கவனித்துப் பாருங்கள். அந்த ஆலோசனையில் வெயில் முக்கியமில்லை. அடுத்தவரைத் தன் வசத்தில் வைத்திருக்கத் துணி எப்படி உதவும் என்பதே கணக்கு. தலைத்துணியைக் கருவியாகப் பார்க்கும் பார்வைக்கு இது ஓர் ஆரம்பகால ஆவணம் என்று எனக்குப் படுகிறது.

1962இல் டேவிட் லீன் எடுத்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படம் இந்த உடையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வெள்ளை அங்கியும் தலைத்துணியும் கிடைத்ததும் பீட்டர் ஓ’டூல் தனியே ஒட்டகத்தில் போய், குத்துவாளின் அலகில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். படம் அதை வேஷமென்று தெரிந்தேதான் காட்டுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. இன்னொரு விஷயமும் படத்துக்குத் தெரியும். நெஃபுத் பாலையைக் கடக்கும் பகுதியில் பகடை முழுக்க நேரத்தின் மேல்தான். சூரியன் எழுவதற்குள் அந்தக் கொடும்வெளியைத் தாண்டியாக வேண்டும். ஒட்டகத்திலிருந்து விழுந்து பின்தங்கிப்போன காசிமின் தலையிலும் துணி இருக்கிறது. அது அவனைக் காப்பாற்றவில்லை. ஒருவர் திரும்பிப் போய்த் தூக்கிவந்ததுதான் காப்பாற்றியது. படம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், பார்த்தவர்கள் மனதில் தங்கியது வெள்ளைத் துணியின் அழகு மட்டும்.

இரண்டாம் உலகப் போரில், 1940இல் ரால்ஃப் பாக்னால்ட் எகிப்தில் தொடங்கிய நீள்தூரப் பாலைவனப் படையினரும் ஆரம்பத்தில் இந்தத் துணியைக் கட்டினார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் மேற்கத்திய ராணுவத்தினர் கழுத்தில் சுற்றினார்கள். இன்றைய காக்கி ஷமாக் விளம்பரம் அங்கிருந்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்று 1941இல் புத்தகமே எழுதியவர் இதே பாக்னால்ட். மணல் துகள்கள் பெரும்பாலும் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளிப் போகின்றன, மேலே எழும்பி மூச்சுக்குள் போவது நுண்தூசி என்று அந்த இயலிலிருந்து நமக்குத் தெரியும். முகத்தில் சுற்றிய பருத்தித் துணி பெரிய துகளைத் தடுக்கும், மூச்சின் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். நுண்தூசிக்கு அது சல்லடைதான்.

மறைவது எப்படி

காக்கியும் கரும்பச்சையும் மறைந்துகொள்ள உதவும் என்பது விளம்பரத்தின் இன்னொரு வாக்கு. தலைத்துணி உண்மையிலேயே மனிதர்களை மறைத்த ஒரு சந்தர்ப்பம் வரலாற்றில் உண்டு. 1936 முதல் 1939 வரை பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சி அது. அப்போது கூஃபியா கிராமத்தார் துணி. நகரத்துப் படித்தவர்கள் தலையில் இருந்தது தர்பூஷ் என்ற சிவப்புக் குல்லாய். கிளர்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் கிராமத்தார். அதனால் ஊருக்குள் வந்தால் தலையைப் பார்த்தே பிடித்துவிடலாம். 1938 ஆகஸ்டில் கிளர்ச்சித் தலைமை, நகரத்து ஆண்கள் எல்லாரும் தர்பூஷைக் கழற்றிவிட்டு கூஃபியாவும் இகாலும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. எல்லார் தலையிலும் ஒரே துணி வந்ததும் யார் போராளி, யார் வக்கீல் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போனது.

இது விருப்பம் மட்டும் சார்ந்த ஒற்றுமை இல்லை. கட்டாயமும் இருந்தது, கிராமத்துக்கும் நகரத்துக்கும் இருந்த பழைய கசப்பும் அதில் இருந்தது. ஆனாலும் அந்தத் துணி மறைத்தது நிறத்தால் அல்ல, கூடவே கட்டிக்கொண்ட மனிதர்களால். கூஃபியா இன்றுவரை அரசியல் பொருளாக இருப்பதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஹெப்ரானில் 1961இல் தொடங்கிய ஹிர்பாவி ஆலை ஜப்பானிய சுசுகி தறிகளில் இன்னும் அதை நெய்கிறது. கறுப்பு வெள்ளைத் துணியை வாங்கி மலையேறப் போகிறவர் இந்தக் கதையையும் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போகிறார். போடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டு போடுங்கள், யாராவது கேட்டால் சொல்லப் பதில் இருக்கட்டும்.

பொய்யான தைரியம்

இனி எனக்கு முக்கியமான பகுதி. இந்தத் துணியை இன்று மிக அதிக நேரம் வெயிலில் கட்டியிருப்பவர்களில் வளைகுடாக் கட்டடத் தொழிலாளிகளும் உண்டு. அதில் நம்ம ஊர்க்காரர்கள், கேரளத்தார், நேபாளிகள், வங்காளிகள் எல்லாரும் இருக்கிறார்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் சிவப்பு வெள்ளைத் துணியைச் சுற்றி, கண் மட்டும் தெரிய நிற்பார்கள். அதைப் பார்த்து ‘பாலைவனத்துக்கு ஏற்ற பாரம்பரிய உடை’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

ஏனென்றால் அவர்களுக்குக் கிடைத்தது துணி மட்டும். தொளதொள அங்கி இல்லை, மேலே இறுக்கமான வேலையுடுப்பு. இகாலின் இடத்தில் ஹெல்மெட். நடுப்பகலில் ஒதுங்குவது அவர்கள் கையில் இல்லை. கடலோர நகரங்களில் ஆகஸ்ட் மாதக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வையே காயாது; துணியை நனைத்துக் கட்டினாலும் குளிராது. சிமெண்ட், கல் அறுக்கும் தூசிக்கு அந்தத் துணி முகமூடி ஆகாது.

அங்கே உயிரைக் காப்பது சட்டம்தான். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தணும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 வரை. பதூயின் தன் வாழ்க்கையில் தானே வைத்துக்கொண்டிருந்த ஒதுங்கும் நேரத்தை, கூலிக்காரருக்குச் சட்டம் போட்டுத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. துணியைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளில் இந்த வரி வருவதே இல்லை.

வாங்குவதென்றால்

இவ்வளவு சொன்ன பிறகும் இது அருமையான துணி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளியில் கட்ட வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

பக்கத்துக்கு 110 முதல் 140 செ.மீ. வரை இருக்கட்டும். சின்னதாக இருந்தால் முகத்தைச் சுற்றிச் செருக முனை எட்டாது. பருத்தியா என்று பாருங்கள். ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும். அடுப்பு, தீ பக்கம் உட்காருபவர் உருகும் துணியை முகத்தில் கட்டக்கூடாது. துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் பின்பக்கமும் தெரியும், அச்சடித்தது வெளிறி நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிந்தால், அதை மடித்து இரட்டையாக மட்டும் கட்டுங்கள். கோடைக்கு மெல்லிய கட்ரா, பனிக்கும் காற்றுக்கும் கனத்த ஷமாக். வளைகுடாவிலும் பலர் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். புதுசைக் கட்டுவதற்கு முன் இரண்டு முறை அலசினால் கஞ்சி போய்த் துணி இளகும். தொங்கும் முனைகளை பைக்கிலும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் உள்ளே செருகிவிடுங்கள். துப்பட்டா சக்கரத்தில் மாட்டிய கதை நமக்குத் தெரியாததா.

நிறம் உங்கள் இஷ்டம். கட்டிக்கொண்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், பகல் பன்னிரண்டுக்கு எங்கே ஒதுங்குவீர்கள், தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அப்புறம் துணியை எடுங்கள்.