தாழியும் பழியும்: பண்டோரா தொன்மத்தின் கருத்து, கதைப்பின்னல், சொல், இலக்கணம்

முன்னுரை

கிரேக்கத் தொன்மங்களுள் தமிழ் நாளிதழ் நடைவரை வந்து சேர்ந்தவை சில. அவற்றுள் ஒன்று பண்டோராவின் கதை. அடக்கி வைக்கப்பட்ட சிக்கல்கள் ஒருசேர வெளிப்படும்போது ‘பண்டோராவின் பெட்டி திறந்துவிட்டது’ என எழுதுவது வழக்காகிவிட்டது. ஆவலை அடக்கமாட்டாத பெண்ணொருத்தி விலக்கப்பட்ட பெட்டியைத் திறந்தாள். உலகில் துன்பம் புகுந்தது. நம்பிக்கை மட்டும் உள்ளே எஞ்சியது. தமிழில் வழங்கும் கதை இவ்வளவே.

இக்கதைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழுவடிவம், கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியோட் இயற்றிய ‘வினைகளும் நாள்களும்’ என்னும் நூலின் 42 முதல் 105 வரையிலான அடிகளில் உள்ளது. அங்கே பெட்டி இல்லை. ஆவல் என்னும் காரணமும் இல்லை. உள்ளே எஞ்சியது நம்பிக்கைதானா என்பதும் உறுதியில்லை. துன்பத்திற்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை ஹெசியோட்டின் சொல்லும் இலக்கணமும் திறந்தே வைத்திருக்கின்றன. வழங்கிவரும் தமிழ் வடிவமோ அவ்வினாவுக்கு விடை கூறி முடித்துவிடுகிறது. இவ்வேறுபாடு எங்கெங்கே தோன்றுகிறது என்பதையும், அதனைத் தவிர்க்கத் தமிழ் இலக்கணம் தரும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்து: மறைத்தலும் கொடுத்தலும்

மனிதன் ஏன் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதே ஹெசியோட் எழுப்பும் முதல் வினா. உழவையும் நேர்மையையும் தம் உடன்பிறந்தானுக்கு அறிவுறுத்தும் நூலில் இக்கதை இடம்பெறுகிறது. வாழ்வுக்குரிய பொருளைத் தேவர்கள் மனிதரிடமிருந்து மறைத்து வைத்திருக்கின்றனர் என்னும் கூற்றோடு பகுதி தொடங்குகிறது. மறைத்தலைக் குறிக்கும் வினை சில அடிகளுக்குள் மீண்டும் மீண்டும் வருகிறது. தேவர்கள் வாழ்வுப்பொருளை மறைத்தனர். ஜீயஸ் நெருப்பை மறைத்தான். புரொமீதியஸ் அந்நெருப்பைப் பெருஞ்சீரகத் தண்டின் உட்புழையில் வைத்து ஜீயஸின் கண்ணுக்குத் தப்பக் கவர்ந்து வந்தான். அதற்கு ஈடாக ஜீயஸ் அளிக்கும் கொடையே பெண். அவளுள்ளும் ஒன்று மறைந்திருக்கிறது: அழகிய உருவத்தினுள் வஞ்ச இயல்பு.

ஆகவே இக்கதையின் மையம் கீழ்ப்படியாமை அன்று. கொடையும் வஞ்சமும் மாறிமாறி நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கலே அதன் மையம். பண்டோராவிடம் ‘திறவாதே’ என எவரும் கூறியதாக ஹெசியோட் சொல்லவில்லை. விலக்கு ஒன்று உண்டுதான். அது எபிமீதியஸுக்கு இடப்பட்டது. ஜீயஸிடமிருந்து வரும் கொடையை ஏற்காதே என அவன் தமையன் புரொமீதியஸ் முன்னரே எச்சரித்திருந்தான். அவ்விலக்கை மீறியவன் ஆண்.

கதைப்பின்னல்: சொல்லப்படாத காரணம்

நிகழ்ச்சிகளின் அடைவு எளிது. ஜீயஸின் ஆணைப்படி ஹெபீஸ்டஸ் மண்ணையும் நீரையும் குழைத்துப் பெண்ணுருச் செய்கிறான். அத்தீனா ஆடையணிவிக்கிறாள். ஹெர்மிஸ் அவளுள் பொய்யையும் குரலையும் வைத்துப் பெயரும் இடுகிறான். எபிமீதியஸ் அவளை ஏற்கிறான். ஏற்றபின்னரே தீங்கை உணர்கிறான். முன்னுணர்பவன், பின்னுணர்பவன் என்னும் இருவர் பெயர்களின் பொருளும் இங்கே நிகழ்ச்சியாகவே விரிகின்றன.

அடுத்து, எவ்வித முன்னறிவிப்பும் இன்றித் தாழி வருகிறது. அது எங்கிருந்து வந்தது, யாருடையது, அவள் கொண்டுவந்ததா, எபிமீதியஸின் இல்லத்தில் முன்னரே இருந்ததா என்பன சொல்லப்படவில்லை. ஹோமரின் ‘இலியத்’ 24ஆம் காண்டத்தில் ஜீயஸின் இல்லத்தில் நன்மை தீமைகள் நிறைந்த தாழிகள் இருப்பதாக அக்கிலீஸ் கூறுகிறான். அம்மரபை அறிந்த கேட்போர்க்கு இத்தாழியும் ஜீயஸை நினைவூட்டியிருக்கக் கூடும். ஹெசியோட் அதனை உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

குரல் பற்றிய இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஹெர்மிஸ் பண்டோராவுக்குக் குரல் தருகிறான். ஆயினும் பகுதி முழுவதிலும் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தாழியிலிருந்து பரந்த நோய்களிடமிருந்தோ ஜீயஸ் குரலைப் பறித்துவிட்டான்; அவை ஓசையின்றி வருகின்றன. குரல் பெற்றவளும் குரல் இழந்தவையும் ஒருபோலவே மௌனமாயிருக்கும் இக்கதையில் பேசுவோர் தேவர்களே. தன் செயலுக்குக் காரணம் கூறும் வாய்ப்பு அவளுக்கு அளிக்கப்படவில்லை. அவ்வெற்றிடத்தைப் பிற்காலத்தார் ‘ஆவல்’ என்னும் சொல்லால் நிரப்பினர்.

சொல்: தாழி, எல்பிஸ், பண்டோரா

ஹெசியோட் ஆளும் சொல் பித்தோஸ். தானியம், எண்ணெய், மது ஆகியவற்றைச் சேமிக்கும் பெரிய மட்கலத்தை அது குறிக்கும். 1508இல் வெளியான பழமொழித் தொகுப்பில் எராஸ்மஸ் இதனைச் சிமிழ் எனப் பொருள்படும் பிக்ஸிஸ் என்னும் சொல்லாக மாற்றி எழுதினார். ஐரோப்பிய மொழிகளில் பரவிய ‘பெட்டி’ இதன் வழிவந்தது என்பதை டோரா பனோஃப்ஸ்கி, எர்வின் பனோஃப்ஸ்கி இருவரும் 1956இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். தமிழ்ப் ‘பெட்டி’ ஆங்கிலத்தின் வாயிலாக வந்தது.

இம்மாற்றம் பொருளை உருமாற்றியது. பெட்டி தனியொருவர் உடைமை. அதில் மறைபொருள் இருக்கும். அது ஆவலைத் தூண்டும். தாழியோ இல்லத்தின் உணவிருப்பு. அதனைத் திறப்பது இல்லத்தாளின் அன்றாடப் பணி. ஹெசியோட்டே இந்நூலின் வேறிரு இடங்களில் தாழி திறப்பதைப் பற்றிப் பேசுகிறார். ஓரிடத்தில் அதனைச் சிக்கனமாகச் செலவிடும் முறையையும், மற்றோரிடத்தில் அதனைத் திறத்தற்குரிய நாளையும் கூறுகிறார். ஆகவே தாழியின் மூடியை நீக்கினாள் என்னும்போது அச்செயல் தன்னளவில் குற்றமாகத் தோன்றுவதில்லை.

தமிழில் இதற்கு வேற்றுச்சொல் தேட வேண்டியதில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைச் சொல்லும் பழமொழியில் தாழி இல்லப் பொருள். முதுமக்கள் தாழியில் அது இறந்தோர்க்குரிய கலம். பண்டைக் கிரேக்க நிலப்பகுதியிலும் பித்தோஸ் இறந்தோரை அடக்கம் செய்யப் பயன்பட்டதுண்டு. வாழ்வும் சாவும் ஒரே கலத்தில் உறையும் இப்பொருட்செறிவைப் ‘பெட்டி’ தர இயலாது.

எஞ்சிய ஒன்றின் பெயர் எல்பிஸ். இதனை ‘நம்பிக்கை’ எனப் பெயர்ப்பது பொதுவழக்கு. கிரேக்கத்தில் இச்சொல் நன்மையை எதிர்நோக்குவதை மட்டும் குறிப்பதன்று. வரவிருப்பது எதுவாயினும் அதனை எதிர்நோக்கும் மனநிலையையும் குறிக்கும். ஹெசியோட் இதே நூலின் 498ஆம் அடியை ஒட்டி, உழைக்காத ஒருவன் வெறுமையான எல்பிஸை நம்பித் தங்கியிருப்பதைக் கண்டிக்கிறார். அங்கு அவர் ஆளும் ‘தங்குதல்’ என்னும் வினையே, தாழியின் விளிம்பின் கீழ் எல்பிஸ் தங்கியிருந்ததைச் சொல்லவும் வருகிறது. முதற்கதையைக் கேட்டவர் இரண்டாம் இடத்தில் அதனை நினைவுகூர்தல் இயல்பு. அவ்விரண்டாம் இடத்திற்குத் தமிழின் ‘நப்பாசை’ மிகப் பொருந்தும். ஆயின் முதலிடத்திற்கு அது இழிவான முடிவைத் தந்துவிடும். ‘நம்பிக்கை’யோ உயர்வான முடிவைத் தருகிறது. ‘எதிர்பார்ப்பு’ என்னும் சொல் ஒன்றே இரண்டிடத்திற்கும் பொதுவாக நிற்கத்தக்கது.

மூன்றாவது, பண்டோரா என்னும் பெயர். ‘அனைத்து’, ‘கொடை’ என்னும் இரு சொற்களால் ஆன தொகை இது. தமிழில் ‘பல்கொடை’ என ஒரு பெண்ணுக்குப் பெயரிட்டால் அஃது அன்மொழித்தொகையாகும். பல கொடைகளைப் பெற்றவள் என்றோ, பல கொடைகளை அளிப்பவள் என்றோ விரிக்கலாம். கிரேக்கத்திலும் இவ்விரு விரிவுகளுக்கும் இடமுண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிண்ணமொன்றில் தேவர்களால் அணிசெய்யப்படும் இப்பெண்ணின் பெயர், கொடைகளை மேலே அனுப்புபவள் எனப் பொருள்படும் அனெசிடோரா எனப் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே அவள் கொடுப்பவள்.

ஹெசியோட் தரும் விளக்கமும் ஒற்றைப் பொருள் உடையதன்று. ஒலிம்பஸில் உறைவோர் அனைவரும் கொடை அளித்தமையால் இப்பெயர் என்கிறார். அவளுக்குக் கொடுத்தனரா, அவளையே கொடுத்தனரா? முன்னது நான்காம் வேற்றுமை. பின்னது இரண்டாம் வேற்றுமை. பெறுபவர் பெயரைக் கிரேக்கத் தொடர் அவ்விடத்தில் கூறாமல் விடுகிறது. அடுத்து வரும் சொற்களோ அக்கொடையை ஆண்களுக்கு நேர்ந்த கேடு என்கின்றன. அதனால் அவளே கொடை என்னும் பொருளும் எழுகிறது. உருபை வெளிப்படையாக இட்டுத் தமிழாக்கினால் இரண்டில் ஒன்று மறையும்.

இலக்கணம்: திணை, பால், எச்சம்

பொறுப்பு பற்றிய வினா மிகக் கூர்மையாக வெளிப்படுவது வினைச்சொற்களில். 49ஆம் அடியில், ஜீயஸ் மனிதருக்குக் கொடுந்துயர்களைத் திட்டமிட்டான் எனக் கூறப்படுகிறது. 95ஆம் அடியில், மூடியை நீக்கிய பெண் மனிதருக்குக் கொடுந்துயர்களைத் திட்டமிட்டாள் எனக் கூறப்படுகிறது. கிரேக்கத்தில் இவ்விரு கூற்றுகளும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. எமேசாத்தோ என்னும் முற்றுவினை படர்க்கை ஒருமையைக் காட்டும். ஆண்பால் பெண்பால் காட்டாது. இரண்டாம் முறை அதனைக் கேட்பவர் செவியில் முதல் எழுவாயும் உடன் ஒலிக்கும். அவள் கை செய்தது முன்னரே ஜீயஸ் எண்ணியது என்னும் உணர்வு, விளக்கம் ஏதுமின்றி அவ்வெதிரொலியாலேயே பிறக்கிறது.

தமிழ் முற்றுவினை பால்காட்டும் இறுதியை வேண்டும். ‘சூழ்ந்தான்’ ஓரிடத்திலும் ‘சூழ்ந்தாள்’ மற்றோரிடத்திலும் வரும்போது எதிரொலி அறுகிறது. இரு செயல்களுக்கு இரு பொறுப்பாளர் தோன்றுகின்றனர். இறுதியாகச் செவியில் நிற்பது பெண்பால் விகுதி.

எச்சங்களில் நிலைமை நேர்மாறானது. மூடியை ‘நீக்கி’ என்பதற்குரிய கிரேக்கச் சொல் அஃபெலூசா; அது பெண்பாலை வெளிப்படையாகக் காட்டுகிறது. தமிழ் வினையெச்சம் பால்காட்டாது. கிரேக்கம் எச்சத்தில் பால்காட்டி முற்றில் மறைக்கிறது. தமிழ் முற்றில் பால்காட்டி எச்சத்தில் மறைக்கிறது. பெயரெச்சமும் தமிழில் பால்காட்டாதது என்பதால் இங்கே ஒரு வழி பிறக்கிறது. ‘மாந்தர்க்குக் கொடுந்துயர் சூழ்ந்த ஜீயஸ்’ எனவும், ‘மாந்தர்க்குக் கொடுந்துயர் சூழ்ந்த பெண்’ எனவும் அமைத்தால் மூலத்தின் எதிரொலி எழுத்து மாறாமல் மீள்கிறது. சூழ்தல் என்பதற்கு ஆராய்ந்து திட்டமிடுதல் என்னும் பழம்பொருள் உண்டு. நான்காம் வேற்றுமை உருபு முன்நிற்பதால் சுற்றிவளைத்தல் என்னும் பொருளோடு மயங்குவது குறைகிறது.

திணையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. எபிமீதியஸ் ஏற்றதை ஹெசியோட் ‘தீது’ எனப் பொதுப்பாற் சொல்லால் சுட்டுகிறார். ‘தெய்வப் பிறப்பு’ நூலில், பெயரும் தாழியும் இல்லாத முதற்பெண்ணை அவர் ‘அழகிய தீது’ என்னும் பொருள்படச் சுட்டுவதும் அவ்வாறே. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் திணையும் பாலும் மாறி வருதலை நன்னூல் வழுவமைதியாகக் கொள்ளும். ‘அதனை ஏற்றான்’ என்றே தமிழாக்கினால், அவளைப் பொருளாக்கும் பார்வை தேவர்களுடையது என்பது இழிவுபற்றிய அவ்வழுவமைதியாலேயே தமிழ் வாசகர்க்குப் புலப்படும். ‘அவளை ஏற்றான்’ எனத் திருத்தினால் மூலத்தின் கடுமையும், அதனைக் கேள்விக்கு உட்படுத்தும் வாய்ப்பும் ஒருங்கே மறையும்.

முடிவுரை

ஹெசியோட் பெண்ணை விடுவிக்கிறார் எனக் கூறுதல் பொருந்தாது. அவள் திட்டமிட்டாள் என்னும் வினை நூலில் உள்ளது. வஞ்ச இயல்பு அவளுள் வைக்கப்பட்டதும் உள்ளது. ஆயின் அதே வினையை ஜீயஸுக்கும் ஆள்வதன்மூலம் பழி அவளோடு நின்றுவிடாதபடி மொழி தடுக்கிறது. பெட்டி, ஆவல், நம்பிக்கை, பெண்பால் முற்று ஆகிய நான்கும் சேர்ந்தே தமிழ்க் கதையில் பழியை ஒருத்தியின் மீது நிலைநிறுத்தியுள்ளன. இவற்றுள் முதல் மூன்றும் பிறமொழி வழி வந்தவை. நான்காவது தமிழின் இயல்பால் நேர்வது.

தாழி, எதிர்பார்ப்பு, பெயரெச்சத் தொடர், திணை வழுவமைதி ஆகியவற்றைக் கொண்டு மூலத்திலிருந்து புதிய தமிழாக்கம் ஒன்றைச் செய்ய இயலும். தொகையும் எச்சமும் திணையும் தமிழ் வகுப்பறைகளில் பெரும்பாலும் தேர்வுக்குரிய பாடங்களாகவே நின்றுவிடுகின்றன. ஒரு பெண் மீது சுமத்தப்பட்ட பழியை மீள ஆராய்வதற்கும் அவை கருவியாகும் என்பதற்கு இத்தொன்மம் சான்றாகிறது.