ஜாஸ் இசையிற் பிரார்த்தனையும் எதிர்ப்பும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையைப்பற்றி நம்மிடையே இருவேறு தவறான நோக்குகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அதனைக் களியாட்ட விடுதிகளின் கேளிக்கை ஒலியென ஒதுக்குவர். மற்றொரு சாரார் அதிலுள்ள எதிர்ப்புக் குரலை வரவேற்பர்; ஆயின் அவ்விசை இறைவனை நோக்கித் திரும்பியதும், அது போராட்டத்தைக் கைவிட்டு மாயாவாதத்திற் புகுந்துவிட்டதெனத் தீர்ப்பளிப்பர். முற்போக்காளரிடையே பெரிதும் காணப்படுவது இவ்விரண்டாவது நோக்கே. ஆதலால் அதனைப் பரிசீலிக்கும் கடமை நமக்குண்டு. மூன்று இசைத்தட்டுகளை ஆதாரமாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

முதலாவது, டிரம் வாத்தியக் கலைஞர் மக்ஸ் ரோச் 1960ஆம் ஆண்டிற் பதிவுசெய்த ‘நாம் வலியுறுத்துகின்றோம்’ என்னும் பொருள்படும் பெயருடைய இசைத்தட்டு. அவ்வாண்டு பெப்ரவரி 1ஆம் திகதி வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் நான்கு கறுப்பின மாணவர் அமர்ந்து எழ மறுத்தனர். அத்தகைய மறியற் காட்சியொன்றே இவ்விசைத்தட்டின் உறைப்படமாயிற்று. மார்ச் 21ஆம் திகதி தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில் அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். இசைத்தட்டின் இறுதிப் பகுதி ஜோகன்னஸ்பேர்க்குக்கான கண்ணீராக அமைந்தது.

இவ்விசைத்தட்டின் நடுவே பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என மூன்றாகப் பகுக்கப்பட்ட ஓர் உருப்படி உண்டு. அபி லிங்கன் சொற்களின்றிப் பாட, ரோச் டிரம் வாசிக்கின்றார். தாழ்ந்த குரலில் தொடங்கும் பிரார்த்தனை, இரண்டாம் பகுதியிற் செவியைக் கிழிக்கும் அலறலாக மாறுகின்றது. பின்னர் களைத்த மூச்சாய் அடங்குகின்றது. இங்கு பிரார்த்தனை எதிர்ப்புக்கு மாறானதன்று. எதிர்ப்பு பிறக்குமிடமே அதுதான். இதற்குச் சரித்திரக் காரணமுண்டு. கறுப்பின மக்கள் தமக்கெனக் கூடுவதற்கு நெடுங்காலம் எஞ்சியிருந்த இடம் தேவாலயமாகும். குடியுரிமைப் போராட்டத்தின் கூட்டங்களும் அங்கேதான் நடைபெற்றன. அதனாலேயே நிறவெறியரின் வெடிகுண்டும் அங்கு வைக்கப்பட்டது.

1963ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் திகதி, அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில், பதினாறாம் வீதித் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் கொல்லப்பட்டனர். ஒருத்திக்கு வயது 11. ஏனைய மூவருக்கும் 14. இரண்டு மாதங்களின் பின்னர் ஜோன் கொல்ட்ரேன் ‘அலபாமா’ என்னும் உருப்படியைப் பதிவுசெய்தார். பியானோவின் ஆழ்ந்த முழக்கத்தின்மேல் சக்சபோன் மெல்ல எழுந்து, இழவு வீட்டில் நா தழுதழுக்கப் பேசுபவரைப்போல நின்று நின்று செல்கின்றது. அதிலே பாடல் வரியில்லை, முழக்க வாசகமில்லை. எனினும் ஊரின் பெயரொன்றே குற்றப்பத்திரிகையாகிவிடுகின்றது.

‘அலபாமா’ இடம்பெற்றது, நியூயோர்க்கின் பேர்ட்லாண்ட் விடுதியின் பெயரால் 1964இல் வெளியான இசைத்தட்டிலாகும். அத்தட்டின் முதல் உருப்படி ‘அஃப்ரோ புளூ’. அதனை இயற்றியவர் ஹவானாவிற் பிறந்த கொங்கா வாத்தியக் கலைஞர் மொங்கோ சன்டமரியா. மூன்றும் இரண்டுமாகப் பின்னிச் செல்லும் ஆபிரிக்கத் தாளக்கட்டு அதன் உயிர்நாடி. இத்தகைய இசையை ‘லத்தீன்’ சாயலுடையதெனப் பெயரிட்டு, உணவிற் சேர்த்த வாசனைத் திரவியம்போலக் கருதுவது வழக்கம். உண்மை வேறு. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைத் தொடர்ந்து, 1740ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு முரசைத் தடைசெய்தது. கியூபாவிலோ ஆபிரிக்க வழிவந்தோரின் சங்கங்கள் முரசையும் அதன் தாளங்களையும் வழிபாட்டோடு பேணிவந்தன. 1947இல் சானோ போசோ என்னும் கியூபக் கலைஞர் டிசி கிலெஸ்பியின் குழுவிற் சேர்ந்தபோதும், பின்னர் கொல்ட்ரேன் சன்டமரியாவின் உருப்படியை எடுத்தாண்டபோதும், அடிமை முறை பிரித்துவைத்த உறவினர் மீண்டும் சந்தித்தனர் எனலாம். அப்பாலிருந்து வந்த அத்தாளத்தைக் காத்துத் தந்ததும் வழிபாடேயென்பது கவனிக்கற்பாலது.

மூன்றாவது இசைத்தட்டு நமக்கு அண்மையது. 1967இற் கொல்ட்ரேன் தமது நாற்பதாவது வயதிற் காலமானார். நான்கு குழந்தைகளுடன் தனித்துவிடப்பட்ட அவருடைய மனைவி அலிஸ் கொல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட தட்டு சச்சிதானந்தரின் பெயரைத் தாங்கியது. கோயம்புத்தூருக்கு அண்மையிற் பிறந்து, 1950களில் இலங்கைக்கு வந்து திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமப் பணியாற்றி, 1966இல் நியூயோர்க் சென்ற துறவி அவர். நம்மவர் பெயர் பொறிக்கப்பட்டமையால் மட்டும் அத்தட்டு உயர்ந்ததாகிவிடாது. தம்புராவின் சுருதியும், மீண்டும் மீண்டும் வரும் பாஸ் வாத்திய அடியும், அலிசின் ஹார்ப்பும் சேர்ந்து கட்டுப்பாடுடைய துயரமொன்றை எழுப்புவதே அதன் சிறப்பு. டிட்ரோயிட்டின் தேவாலயங்களில் வாத்தியம் வாசித்து வளர்ந்தவரின் செவி அதில் ஒலிக்கின்றது. ஆயினும் ‘அலபாமா’வில் உள்ள வெளியுலகம் இதில் இல்லை. அதனை ஒரு குறையெனக் கூறலாம், பொய்யெனக் கூறவியலாது. பிரார்த்தனையிலிருந்து மக்களின் துயரை நீக்கிவிட்டு, எஞ்சிய சுகத்தை மட்டும் ‘ஆன்மிக ஜாஸ்’ எனச் சந்தையில் விற்பதே நாம் எதிர்க்கவேண்டியது.

மதத்தைப்பற்றி மார்க்ஸ் எழுதியதிற் பின்வாக்கியத்தை மனனஞ் செய்து முன்வாக்கியத்தை மறந்தோர் நம்மிடையே பலர். ஒரு கலைப்படைப்பு கடவுளின் பெயரைக் கூறுகின்றதா என்பது முதற் கேள்வியன்று. அது யாருடைய துயரைச் சுமக்கின்றது, அத்துயரின் காரணத்தை மறைக்கின்றதா காட்டுகின்றதா என்பவையே கேட்கவேண்டியவை. மாணவருக்கு ஓர் உருப்படியை மட்டுமே ஒலிக்கவைக்க வாய்ப்பிருப்பின், ‘அலபாமா’வை ஒலிக்கவைக்கலாம். ஐந்து நிமிடங்களே செல்லும். பேர்மிங்ஹாமில் நடந்ததை முன்னரே கூறிவிட்டு ஒலிக்கவைப்பது நன்று.