அயலார் குறிப்புகளில் அந்தமானும் நக்கவாரமும்: சான்றாகும் சொல்லும் சான்றாகாச் செய்தியும்

முன்னுரை

எழுத்துச் சான்று எதனையும் விட்டுச் செல்லாத மக்களின் பண்டை வரலாற்றை, அயலார் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே அறியவேண்டியுள்ளது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரலாறு இத்தகையதே. இக்குறிப்புகளுள் எவை சான்றாகும், எவை ஆகா என்பதை மொழியியல் நோக்கில் ஆராய்வதும், மொழிபெயர்ப்பில் அச்சான்று அழியும் முறையினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர்ச் சான்று

11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, ‘மாநக்கவாரம்’ என்னும் பெயரைத் தருகின்றது. 1298இல் மார்க்கோ போலோ சொல்லி எழுதுவித்த நூலில் இது ‘நெக்குவேரன்’ எனவும், 14ஆம் நூற்றாண்டில் ஒடோரிக் பாதிரியாரின் குறிப்பில் ‘நிக்கோவேரன்’ எனவும் காணப்படுகின்றது. மொழிகள் வேறாயினும் பெயரின் ஒலியமைப்புப் பெரிதும் மாறவில்லை. எனவே பெயரைப் பொறுத்தவரை இக்குறிப்புகள் ஒன்றற்கொன்று வலுவூட்டுகின்றன.

ஆயினும் இப்பெயர் எதற்குச் சான்று என்பதை வரையறுத்தல் வேண்டும். ‘நக்கம்’ என்னும் ஆடையின்மைப் பொருளுடைய சொல்லோடு இதனை இணைப்பர். அவ்வாறாயின், இது தீவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. கடலோடிகள் இட்ட பெயரே. மெய்க்கீர்த்தியும் புகழ்மொழியே ஆதலின், அது பெயர் வழக்கிற்குச் சான்றாகுமேயன்றி, அங்கு நிலைத்த ஆட்சிக்குத் தானே சான்றாகிவிடாது.

2. கண்டதும் கேட்டதும்

7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங், ஆடையற்றோர் நாட்டினர் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து இரும்பிற்கு மாற்றினர் என்கிறார். 851இல் எழுதப்பட்ட அரபுக் குறிப்பும் ‘லஞ்சபாலூஸ்’ தீவினர் இரும்பு பெற்றுப் பண்டம் மாற்றியதைக் கூறுகின்றது. இருவேறு மொழியினர் தனித்தனியே கண்டு கூறியது ஒத்திருத்தலின், இதனை ஏற்கலாம்.

அதே அரபுக் குறிப்பு, அத்தீவினர் வணிகர் அறிந்த மொழி எதனையும் அறியார் என்றும் கூறுகின்றது. இது கருதத்தக்கது. பொதுமொழி இல்லாவிடத்துக் கண்ணாற் கண்ட பண்டம் சான்றாகலாம். அம்மக்களின் வழக்கம், நம்பிக்கை பற்றிய கூற்று எளிதிற் சான்றாகாது. அந்தமானியர் மனிதரைத் தின்பர் என்னும் கூற்று இத்தகையது. போலோ அந்தமானியருக்கு நாய்த்தலை அளித்தார்; ஒடோரிக் நாய் முகத்தினை நிக்கோபாரியருக்கு மாற்றினார். கண்டெழுதிய செய்தி இவ்வாறு தீவு விட்டுத் தீவு தாவாது. 1883இல் தம் ஆய்வினை வெளியிட்ட ஈ. எச். மான், அந்தமானியரிடையே நரமாமிசம் உண்ணும் வழக்கிற்குத் தடயமே இல்லை என மறுத்தார். ஆயிரம் ஆண்டு நின்ற பழி, அம்மொழியைக் கற்ற ஒருவரின் ஆய்வினால் ஆட்டங்கண்டது.

இவ்விடத்து மணிமேகலையின் சாதுவன் கதை நினைவுகூரத்தக்கது. நக்கசாரணர் நாகரிடம் அகப்பட்ட சாதுவன் உயிர் பிழைத்தது அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால். அம்மலையினை நக்கவாரமாகக் கொள்வது நிறுவப்படாத கருத்து. எனினும் கதை உணர்த்தும் உண்மை நம் ஆய்வுக்கும் பொருந்தும்.

3. இசுபானியக் குறிப்புகள்

இக்குறைபாடு கீழைக் கடலுக்கு மட்டும் உரியதன்று. கொலம்பசின் 1492ஆம் ஆண்டு நாட்குறிப்பும் நாய்முகம் உடைய, மனிதரைத் தின்னும் மக்களைப் பற்றிக் கூறுகின்றது. அவருடன் சென்ற மொழிபெயர்ப்பாளர் எபிரேயமும் சிறிது அரபும் அறிந்தவர். தீவினரின் தாய்னோ மொழியை அறியார். ‘கனிபா’ என்று காதில் விழுந்த சொல்லைக் கொலம்பசு ‘மகா கானின் மக்கள்’ எனப் பொருள் கொண்டார். அந்நாட்குறிப்பும் லாஸ் காசாஸ் செய்த சுருக்கமாகவே கிடைக்கின்றது. இதற்கு மாறாக, சகாகூன் என்னும் துறவி மெக்சிகோவில் நவாட்டில் மொழிப் பாடத்தை இசுபானியத்திற்கு இணையாகத் தொகுத்தார். அங்கு அம்மக்களின் சொல்லை இசுபானியத்தோடு ஒப்பிட்டுத் திருத்த இயலும்.

4. மொழிபெயர்ப்பும் சான்றழிவும்

போலோவின் நூலில் அந்தமானின் பெயர் ‘அங்கமனைன்’ என வருகின்றது. இறுதியிலுள்ள ‘ஐன்’ அரபு இருமை விகுதி என்பது யூல் என்னும் பதிப்பாசிரியரின் கருத்து. இது சரியாயின், போலோவின் செய்தி அரபு மாலுமிகள் வாய்வழி வந்தது என்பதற்கு அவ்விகுதியே சான்று. தமிழில் இதனை ‘அந்தமான்’ எனத் திருத்தி எழுதினால் அச்சான்று மறைகின்றது. ‘என்பர்’ என முடியவேண்டிய கேள்விச் செய்தியை ‘உள்ளனர்’ என முடித்தாலோ, வதந்தி வரலாறாகின்றது. மூலத்தின் பெயர் வடிவத்தை அவ்வாறே தந்து இன்றைய பெயரை அடைப்புக்குள் இடுதலும், கேள்விச் செய்தியின் வினைமுடிபைக் காத்தலும் மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.

முடிவுரை

1961 கணக்கெடுப்பில் பெரும் அந்தமானியர் 19 பேரே எஞ்சியிருந்தனர். 2010இல் போவா என்னும் மூதாட்டி மறைந்தபோது ‘போ’ மொழியை அறிந்த கடைசிக் குரலும் அடங்கியது. அயலார் கூற்றை மறுத்துரைக்கவல்ல சான்றாளர் இவ்வாறு குறைந்துவருவதால், அக்கூற்றினை ஆராயாது வழிமொழிதல் ஒருதலை வழக்கிற்குத் தீர்ப்பளிப்பதாகும். குறிப்பின் பொருளை நம்புமுன் அதன் சொல் எவ்வழி வந்தது என வினவுதல் வரலாற்றறிஞர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே கடன்.