1930: ஒற்றை விடையும் ஐந்தாவது வட்டமும்

செக்காலைப் பக்கம் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலருக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன். தேசத்தின் வரலாறு ஒரு தேர்வுப் பிரதியாக மாறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

வடிவத்திலிருந்து தொடங்குவோம். பொருத்துக, காலவரிசைப்படுத்துக, கூற்று–காரணம். ஒரு கேள்வி, நான்கு தெரிவுகள், அதில் ஒன்றே சரி. இந்த வடிவம் நடுநிலையானது என்று நம்புகிறோம். ஆனால் ஒரு வருஷத்துக்கு ஒரு நிகழ்ச்சி, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நாயகர் என்று வரலாற்றை அரிந்து கொடுத்தால்தான் இது வேலை செய்யும். ஒரே காலத்தில் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நடந்த இரண்டு காரியங்களை இது தாங்காது. பெயரிலேயே செக்கைச் சுமக்கும் ஊரில், படிப்பும் செக்குமாடு சுற்றுகிற மாதிரிதான் சுற்றுகிறது.

1930ஐ எடுத்துக்கொள்வோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தேர்வர்கள் சொல்வார்கள்: மார்ச் 12 தண்டி யாத்திரை தொடக்கம், ஏப்ரல் 6 உப்பு எடுத்தது, ஏப்ரல் 13 திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி கிளம்பியது. அடுத்த வருஷம் மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தம். எல்லாம் சரி, எல்லாம் உண்மை.

அதே 1930 டிசம்பரில், காரைக்குடியும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்கம் வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும். குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில், அதாவது ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம் கழித்து, தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாடுகளை மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக் கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

இதைப் பதிவு செய்தவர் ஜே.எச். ஹட்டன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர், ஐ.சி.எஸ். அதிகாரி. தடை விதித்தவர்கள் கள்ளர் சாதியினர் என்று 1946இல் வெளியான தன் சாதி பற்றிய நூலில் எழுதுகிறார். காலனிய அதிகாரியின் கண்ணுக்குக் காலனிய நோக்கம் உண்டு என்று நாம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் எழுதி வைத்ததைத் தேசியக் கதையாடல் ஏன் எழுதி வைக்கவில்லை என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. உப்புச் சட்டம் உடைபட்ட அதே காலத்தில் ரவிக்கைக்கும் சிலேட்டுக்கும் சட்டம் போடப்பட்டது. இரண்டும் சேர்ந்ததுதான் 1930.

இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: “இது கேள்வில வராதுல்லண்ணே?” வராது என்றேன். “அப்ப நோட்ல எழுத வேணாம்ல?” அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய நேரத்துக்கு விலை இருக்கிறது.

பாடத்திட்டம்தான் மாறிவிட்டதே, தமிழக வரலாறும் சமூக இயக்கங்களும் தனி அலகாகவே வந்துவிட்டனவே என்பார்கள். வந்தது நல்லதே. ஆனால் வந்தவை என்ன ஆயின? 1772 காளையார்கோவில் போர், 1780 வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டது, 1801 ஜூன் 16 மருதிருவர் அறிக்கை, அக்டோபர் 24 திருப்பத்தூரில் தூக்கு. நான்கு ஒரு மார்க். விடுபட்டதைச் சேர்த்தால் போதும் என்ற நமது கோரிக்கையின் எல்லை இங்கே தெரிகிறது. வடிவம் எதையும் செரித்துவிடும்.

இனி நம் தரப்பைப் பற்றியும் பேச வேண்டும். ‘போட்டித் தேர்வு அரசு எந்திரத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை’ என்று கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு சம்பளம் இருப்பவர் சொல்வதற்கு வசதியான வாக்கியம் இது. எழுத்தே கூடாது என்று தடை போட்ட ஜில்லாவில், அந்தத் தடைக்கு ஆளான சேரியிலிருந்து ஒரு பெண் குரூப் 4 எழுத வருகிறாள் என்றால் அதுவே ஒரு வரலாற்று மறுப்பு. புத்தகத்தைத் தூக்கிப் போடு என்று அவளிடம் சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குரூப் 4 வழியாக அவள் கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம். அவள் கைக்கு வரப்போவது அடங்கல், சிட்டா, பட்டா மாறுதல் மனு. எந்த நிலம் எந்த மிரட்டலில் கைமாறியது, 1892 ஆணைக்குப் பின் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் நிற்கிறது, எந்த மடை யாருக்கு அடைபட்டது — இந்த வரலாறு இல்லாமல் அடங்கலை வாசிக்க முடியாது, நகல்தான் எடுக்க முடியும். நிரந்தர நிலவரித் திட்டம் 1793, ரயத்துவாரி மன்றோ என்று விடை சொல்லி வேலைக்கு வருபவரிடம், வேலைக்குத் தேவையான வரலாற்றை மட்டும் தேர்வு கேட்பதேயில்லை.

2020இலிருந்து விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்திருக்கிறது: ‘விடை தெரியவில்லை’. தெரியாவிட்டால் அதைக் கருப்பாக்கியே தீர வேண்டும். தேர்வரின் அறியாமையை எண்ணிக் கணக்கு வைக்க வழி செய்திருக்கிறார்கள். கேள்வியின் அறியாமைக்கு வட்டம் இல்லை.

இப்போது நோட்டில் வலப்பக்கம் விடையையும், இடப்பக்கம் அதே வருஷம் நம் ஜில்லாவில் நடந்ததையும் எழுதச் சொல்கிறேன். பத்து நிமிஷம்தான் கூடுதல். வலப்பக்கம் வேலை வாங்கித் தரும், இடப்பக்கம் அந்த வேலையைச் செய்ய உதவும். ஆனால் இடப்பக்கத்தை நிரப்ப ஒரு வாத்தியாரால் முடியாது. ஹட்டன் பதிவு செய்ததும், நம் கிராமத்துப் பெரியவர்கள் கேட்டு வைத்திருப்பதும் தேர்வர் கைக்கு எட்டும் தமிழில், பஸ் டிக்கெட் விலையில், சிறு பிரசுரமாக வர வேண்டும். சிறுபத்திரிகைக்காரர்களும் இயக்கத் தோழர்களும் கதையாடல் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம்.