நான்காம் வேற்றுமையில் நிற்கும் இளைஞர்கள்

தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்டு எழுதும் திட்ட அறிக்கைகளைப் பிரதிகளாக யாரும் வாசிப்பதில்லை. வாசிக்கத்தான் வேண்டும் என்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வயிற்றுப்பாட்டுக்குக் கிடைக்கிற வேலைகளில் மொழிபெயர்ப்பும் ஒன்று. அப்படி என் கைக்கு வந்தவை கொஞ்சநஞ்சமல்ல. தலைப்பில் ‘இளைஞர்கள் வழிச் சமூக மாற்றம்’ என்றிருக்கும். உள்ளே போனால் எல்லாம் செயப்பாட்டு வினை. இளைஞர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்படும், இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிக்கப்படும். மாற்றத்தைச் செய்யப்போகிறவன் ஒரு வாக்கியத்திலும் எழுவாயாக வரமாட்டான். ‘கு’ உருபை மாட்டிக்கொண்டு கொள்வோனாக நிற்பான். ஊட்டுகிறவர் யாரென்றும் தெரியாது. (நான்காம் உருபுக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை, அடுத்தது பகை. மனுஷன் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.)

இது வெறும் நடைக்கோளாறு இல்லை. அறிக்கையோடு ஒரு கட்டம் போட்ட அட்டவணை வரும்: எத்தனை முகாம், எத்தனை பேர், எந்தக் காலாண்டில். டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறதென்று நாலு பையன்கள் ஒருநாள் போய் உட்கார்ந்துவிட்டால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மூன்றாம் காலாண்டில் கோபம் வரும் என்று முன்கூட்டியே உறுதி தர முடியுமா? ஆகவே கோபம் போய் ‘திறன் மேம்பாடு’ வந்து உட்காருகிறது.

இதற்கு இடதுசாரிகளிடம் ஒரு பழைய பதில் உண்டு. 1984இல் பிரகாஷ் காரத் ‘தி மார்க்சிஸ்ட்’ இதழில், தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய உத்தியின் ஓர் அங்கமாக வைத்து எழுதினார். அதிலிருந்து ‘என்.ஜி.ஓ. காசு’ என்பது நம் கூட்டங்களில் ஒரு வசவு. சங்கடம் என்னவென்றால், அரசும் அதே வசவைத்தான் பேசுகிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பிறந்ததே நெருக்கடி நிலையின்போது, 1976இல். 2010இல் வந்த புதிய சட்டத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், பந்த், சாலை மறியல், ரயில் மறியல் என்று வழக்கமாக இறங்கும் அமைப்பை அரசியல் தன்மையுள்ளதாக்கிப் பணம் பெறாமல் தடுக்க வழிசெய்தன. கட்சி அரசியலோடு ஒட்டாத அமைப்புகளுக்கு இது பொருந்தாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுருக்கிப் பொருள்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சட்டத் திருத்தம் வந்தது. வெளிநாட்டுப் பணத்தை ஓர் அமைப்பு இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைப்பு. அடிபட்டது யார்? டெல்லியில் மாடிக் கட்டடம் வைத்திருப்பவர்கள் எப்படியும் சமாளிப்பார்கள். பெரிய அமைப்பின் கைவழியாகக் கிடைத்ததில் ஓடிய ஒன்றியத்துச் சிறு குழுக்கள்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியில் நின்றுவிட என்னால் முடியவில்லை. புதுக்கோட்டையில் 1991வாக்கில் அறிவொளி நடந்தது அரசுப் பணத்தில்தான். எழுத்துக் கற்க வந்த பெண்கள் சைக்கிளையும் கற்றுக்கொண்டு ஊரை விட்டு ஊர் போனார்கள். அங்கே அவர்கள் எழுவாய். ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நிறுவன நிதியையே தொடாமல் தகவல் உரிமைக்குப் போராடியது; அதுவும் உண்மை.

ஆனால் ‘நிதியே வேண்டாம், தியாகம் போதும்’ என்று மேடையில் முழங்குகிற தோழர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களில் எத்தனை பேர் அரசுச் சம்பளம்? கூலிக்குப் போகிற சேரிப் பையன் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு வேறு. அதை யார் தருவது, எந்தக் கணக்கில்?